பள்ளி வாசலில் காக்கி: யாருக்குக் காவல்?

பள்ளி மாணவர்களுக்கிடையே சாதி மோதல் என்று செய்தி வந்தால், மறுநாள் காலை வாசலில் இரண்டு போலீசார் நிற்பார்கள். சில நாட்களில் கோயில் கொடை பந்தோபஸ்துக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விடுவார்கள். அப்படி வந்து போவது போதாது, பள்ளிக்கென்றே நிரந்தரமாக ஒரு காவலரைப் போடுங்கள் என்ற குரல் நம் தெருக்களிலிருந்தே எழுகிறது. பிள்ளையை அனுப்பிவிட்டு, அது வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மாரின் குரல் அது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனாலும் அந்தக் கோரிக்கையை நாம் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

நாங்குநேரியை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவரை உடன் படித்தவர்கள் உள்ளிட்ட கும்பல் வீடு புகுந்து வெட்டியது. தடுத்த தங்கைக்கும் வெட்டு. பகை முளைத்தது பள்ளியில். அரிவாள் வந்தது வீட்டுக்கு. பள்ளி வாசலில் பத்துக் காவலர் நின்றிருந்தாலும் அந்த இரவில் என்ன பயன்? அந்த மாணவர் பள்ளிக்கு வராமல் நின்றதும், தனக்கு நடப்பதை ஆசிரியர்களிடம் சொன்னதும் வெட்டுக்கு முந்தைய கதை. ஒரு பையன் ஏன் வரவில்லை என்பதை முதலில் அறிகிறவர் வகுப்பாசிரியர். அங்கே கோட்டை விட்டதைப் பிறகு காக்கிச் சட்டை மீட்டுத் தராது. (அந்த மாணவர் மறு ஆண்டு தேர்வெழுதி 600க்கு 469 வாங்கினார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம். வெட்டுப்பட்டதை மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.)

பள்ளிக்குள் போலீஸ் என்பதை நெடுங்காலமாக நடத்திப் பார்த்த நாடு அமெரிக்கா. 1950களில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் தொடங்கியது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபின் நாடெங்கும் பெருகியது. வேலையில் சேரும் அதிகாரிக்குச் சொல்லப்படுவது என்னவோ நல்ல வேலைதான்: வாசலைக் காக்க வேண்டும், பிள்ளைகளோடு பழக வேண்டும், சட்டம் சொல்லித்தர வேண்டும். நடந்தது வேறு. எதிர்த்துப் பேசியது, வகுப்பை விட்டு வெளியேற மறுத்தது என்று தலைமையாசிரியர் அறையில் முடிய வேண்டியவை கைதாக மாறின. 2015-16 கல்வியாண்டின் அரசுக் கணக்குப்படி மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 15 சதவீதம். போலீசிடம் ஒப்படைக்கப்பட்ட, கைதான மாணவர்களில் அவர்கள் 31 சதவீதம். 2015 அக்டோபரில் தென் கரோலினாவில் ஒரு கறுப்பின மாணவியை, அவர் உட்கார்ந்திருந்த மேசையோடு கவிழ்த்துத் தரையில் இழுத்தார் பள்ளிக் காவல் அதிகாரி. காப்பாற்ற வேண்டிய நாளிலாவது காப்பாற்றினார்களா? 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தமாகவே ஒரு காவல் படை இருந்தது. போலீசார் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வகுப்பறைக்கு வெளியே காத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில், வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்குள் ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி மத்திய அரசின் காவல் அதிகாரிகள் சூழ நடந்துபோனாள். அன்று அவர்கள் இல்லாவிட்டால் அவள் அந்த வாசலைத் தாண்டியிருக்க முடியாது. ஆக, போலீசே கூடாது என்பதல்ல நம் பேச்சு. வெளியே கத்திய கும்பலைத் தடுக்கவே அவர்கள் வந்தார்கள். பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் கண்காணிக்க வரவில்லை.

நம் பள்ளியில் நிறுத்தப்படும் காவலர் யாராக இருப்பார்? அதே வட்டாரத்துக்காரர். தலைமையாசிரியருக்கு அல்ல, காவல் நிலையத்துக்குப் பதில் சொல்பவர். இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டால் அவர் கைக்குப் பழகிய வழி, இரு தரப்பிலும் புகார் வாங்குவது. அடிபட்டவன் மீதும் எதிர் வழக்கு என்பது நமக்குப் புதிதா? அந்தக் காவலர் நம் ஆளாகவே இருந்துவிட்டால் அவர் பாடு இன்னும் திண்டாட்டம். இரண்டு பக்கமும் அவரைத்தான் சந்தேகப்படும்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராகப் போடாதீர்கள் என்றது. பள்ளிக்குள் வர வேண்டியவர் இந்த நல அலுவலர்தான், லத்தி இல்லாதவர். போலீசுக்கு வேலை வெளியே கிடக்கிறது. மாலைப் பேருந்து, நிறுத்தம், பள்ளிக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட சாலை: பிள்ளைகள் அஞ்சுவது அங்கேதான்.

புகார் என்று போனால் சட்டத்தையும் கையோடு கொண்டு போவோம். சிறார் நீதிச் சட்டம் 2015இன்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட எவரையும், எந்தச் சாதிப் பிள்ளையானாலும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே தர வேண்டும். பட்டியலினத்தவரல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே இந்தக் கடமையில் தவறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நம் பெற்றோர் கட்டாயம் போக வேண்டும். நல அலுவலர் எப்போது வருவார், தொடர்ந்து வராத நம் பிள்ளைகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.