எண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள்

போட்டு உடைத்துவிடுகிறேன். பாய்ப்படகில் பெரிய பாயை ஏற்றும் கயிறு சிக்கிக்கொண்டால், மூணு பேர் சேர்ந்து "ஜோர் லகா" என்று இழுப்பதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல. உச்சியைப் பார்த்து எண்ணெயைப் பீய்ச்சி அடிப்பதும் ரிப்பேர் அல்ல. மும்பையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் படகு ஓட்டுகிறவன் நான். வருஷா வருஷம் இந்தக் கூத்தைப் பார்த்து நொந்துபோய்த்தான் எழுதுகிறேன். பிள்ளைகளைப் படகுப் பயிற்சிக்கு அனுப்பும் நம்ம ஆட்கள் அவசியம் படியுங்கள்.

அது என்ன கயிறு என்பவர்களுக்கு: ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றுகிறோமே, அதே ஏற்பாடுதான். பாயின் தலையில் மாட்டி, பாய்மர உச்சியிலுள்ள கப்பி வழியாகக் கீழே வரும் கயிறு. கொடிக்கயிறு, பாய்க்கயிறு இரண்டுக்குமே ஹால்யார்டு என்றுதான் பெயர். கொடி பாதியில் நின்றால் சிறப்பு விருந்தினர் நெளிவார், அவ்வளவுதான். பாய் ஏறவில்லை என்றாலும் பரவாயில்லை, கரையிலேயே இருந்துவிடலாம். ஆனால் இறங்கவில்லை என்றால்? மே கடைசியில், மழைக்கு முன்னால் திடீரென்று காற்று தூக்கி அடிக்கும்போது, முழுப் பாயோடு மாட்டிக்கொண்ட சின்னப் படகு கவிழத்தான் செய்யும்.

"அதான் ஏறிடுச்சே, விடுங்க சார்" என்பார்கள். ஏறும்போது முரண்டு பிடித்த கயிறு இறங்கும்போதும் பிடிக்கும். நான் வங்கிக்காரன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தப்பு அங்கேயேதான் இருக்கும். எண்ணெய் அடிப்பது அந்த சஸ்பென்ஸ் கணக்குதான். அதுவும் எண்ணெய் உப்பையும் தூசியையும் இழுத்துப் பிடித்துக் களிம்பாக்கிவிடும், பாயிலும் கறை.

சரி, எப்படித் தேடுவது? இரண்டே கேள்விகள்.

முதல் கேள்வி: படகின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கிறதா? பாயின் அடிக்கட்டையை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளையெல்லாம் தளர்த்தியாச்சா? இல்லையென்றால் காற்றே பாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கயிறு பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: சிக்கல் பாயிலா, கயிறிலா? பாயைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய முனையில் நீளமான மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முனை உச்சிக்குப் போய்விடும், திரும்ப வராது :-) இப்போது இரண்டு பக்கமும் கையால் இழுத்துப் பாருங்கள்.

தாராளமாக ஓடினால் கயிறு நிரபராதி. பாயின் ஓரம் நுழைந்து ஏறும் பள்ளத்தில்தான் கோளாறு. உப்பு படிந்திருக்கும், அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும், அல்லது பள்ளத்தின் வாய் நசுங்கியிருக்கும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துணியை உள்ளே விட்டு இழுத்து, பிசிறு இருந்தால் அரத்தால் ராவுங்கள். காய்ந்த பிறகு பாயின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும், சிலிக்கோன் ஸ்ப்ரேயும் சரிதான்.

அப்போதும் சிக்கினால் கோளாறு மேலே. பாய்மரத்தைப் படுக்க வைத்து, கப்பிச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். சுற்றவில்லையென்றால் உப்பைக் கழுவுங்கள், அச்சு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சக்கரத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் கயிறு மாட்டியிருக்கிறதா பாருங்கள். 6 மி.மீ. கயிறுக்கான கப்பியில், "கெட்டியா இருக்கட்டுமே" என்று யாரோ 8 மி.மீ. கயிறு போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். மரத்துக்குள் போகும் கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதும் உண்டு. மரத்தைத் திரும்ப நிமிர்த்துவதற்கு முன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அலுமினியத்தில் மின்சாரம் பாயும், விளையாட்டில்லை.

ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் வரும் பதில் என்ன தெரியுமா? "அதுக்குத்தான் கிளப்ல போட்மேன் இருக்காரே!" என்னுடைய சண்டையே இந்த வாக்கியத்தோடுதான். போட்மேனுக்கு நம் எல்லோரையும்விட அதிகம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் காற்று தூக்கி அடிக்கும்போது அவர் கரையில் இருப்பார், படகில் உங்கள் பெண் இருப்பாள்.

நம் பிள்ளைகள் ஆரம்பிப்பது ஆப்டிமிஸ்ட் படகில், பிறகு லேசர் (இப்போது ஐ.எல்.சி.ஏ. என்கிறார்கள்). இரண்டிலுமே ஹால்யார்டு கிடையாது. ஒன்றில் பாயை மரத்தோடு கட்டிவிடுவார்கள், இன்னொன்றில் தலையணை உறை மாதிரி பாயை மரத்தில் மாட்டுவார்கள். ஆக, எண்டர்பிரைஸ் மாதிரி இருவர் படகுக்கு வரும்போதுதான் பிள்ளை முதன்முதலாக இந்தக் கயிறைத் தொடுகிறது. அந்த நேரம் பார்த்து "நீ தள்ளி நில்லு, அங்கிள் பண்ணுவார்" என்கிறோம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் போனதை வாட்ஸப்பில் பரப்புகிறோம். நம் வீட்டுப் பிள்ளை கையில் உப்பும் அழுக்கும் படக்கூடாது!

அபிலாஷ் டோமி 2012-13ல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி மும்பைக்குத் திரும்பினார். படகில் போட்மேன் யாரும் இல்லை.

கிளப்புக்குக் கட்டும் பணத்துக்கு ஒரே ஒரு ரசீது கேளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளரிடம் போய், "என் பொண்ணு யார் உதவியும் இல்லாம பாயை இறக்குவாளா? ஒரு தடவை செய்யச் சொல்லுங்க, நான் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். சிக்கினால், போட்மேனைப் பக்கத்தில் நின்று சொல்லித்தரச் சொல்லுங்கள். கை மட்டும் பெண்ணுடையதாக இருக்கட்டும்.