கண்ணு செவந்தா எல்லாமே மெட்ராஸ் ஐ இல்லீங்க!

பாண்டியில் கண் சிவந்தால் நாம் முதலில் ஓடுவது டாக்டரிடம் இல்லை, தெருமுனை மெடிக்கலுக்கு. "அண்ணே, மெட்ராஸ் ஐ.. ஒரு சொட்டு மருந்து குடுங்க." போன மாதம் நானும் அப்படித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தால் டெக்ஸாமெத்தசோன். அதாவது ஸ்டீராய்டு!

அதில் என்ன தப்பு என்கிறீர்களா? மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸ் வேலை, தானாகவே சரியாகிவிடும். ஆனால் உதட்டோரம் கொப்புளம் போடுமே ஹெர்பிஸ் வைரஸ், அது கருவிழியையும் தாக்கும். சிவப்பு, கூச்சம், நீர் வடிதல்.. பார்க்க மெட்ராஸ் ஐ மாதிரியே இருக்கும். சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் கிளை கிளையாகப் பிரிந்த புண் தெரியும். மெடிக்கல் கவுண்டரில் அந்த விளக்கு இருக்கிறதா?

அந்தப் புண்ணில் வெறும் ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு குறையும். "சூப்பர் மருந்து" என்போம். எதிர்ப்புச் சக்தி அடங்கிப்போனதால் வைரஸ் இஷ்டத்துக்குப் பரவும். தழும்பு விழுந்தால் பார்வை மங்கும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போகும்.

இத்தனைக்கும் மருந்து இல்லாத நோயா இது? 1962லேயே ஐடாக்ஸூரிடின் சொட்டு மருந்து இதற்குப் பலன் தந்தது. பிறகு அசைக்ளோவிர் வந்தது. வைரஸின் சொந்த என்சைமே இதை முடுக்கிவிடும், அதனால் வைரஸ் புகுந்த செல்லில்தான் பெரும்பாலும் வேலை காட்டும். இதன் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியன் 1988ல் நோபல் பரிசு பெற்றார். இன்று 3% அசைக்ளோவிர் களிம்பு இருக்கிறது, 0.15% கான்சிக்ளோவிர் ஜெல் இருக்கிறது.

"டாக்டரும்தானே ஸ்டீராய்டு தர்றாரு?" என்றான் நண்பன். தருவார்டா. கருவிழியின் உள்ளடுக்கு வீங்கும்போது, வைரஸ் மருந்தோடு சேர்த்து, அளவு பார்த்துத் தருவார். அண்ணன் எதைப் பார்த்தார்?

கண்ணுக்கான ஸ்டீராய்டு சொட்டுகள் ஷெட்யூல் எச் பட்டியலில் வருபவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்குபவனுக்கு விவரம் தெரியாது என்ற தைரியத்தில் விற்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

நாம் மட்டும் யோக்கியமா? கோரிமேட்டில் ஜிப்மர், தவளக்குப்பத்தில் அரவிந்த். இரண்டையும் வைத்துக்கொண்டு, அரை நாள் போய்விடுமே என்று கண்ணைப் பணயம் வைக்கிறோம்.

எனக்கு வந்தது ஹெர்பிஸ் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். அது கடைக்கார அண்ணனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதுதான் என் கோபம். அடுத்த முறை சொட்டு மருந்தை நீட்டினால், "இதுல ஸ்டீராய்டு இருக்கா?" என்று கேளுங்கள்.

டிஸ்கி: நான் பி.காம். தான். இதைப் படித்துவிட்டு அசைக்ளோவிரையும் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், புண்ணியமாப் போகும்!