மஞ்சள் நோட்டீஸ் வரும் முன்பே பார்த்துக் கொள்ளுங்கள்

போடி மலைச்சரிவில் ஏலம், காப்பி, மிளகு பயிரிடும் விவசாய அன்பர்கள் கன்று வாங்கும்போது காட்டும் கவனத்தை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இளம் இலையை விரித்து வெளிறிய கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தேமல் நோய் கண்ட தோட்டத்துக் கன்றா என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் மடியிலிருந்து பணம் வெளியே வரும். ஆனால் அதே விவசாயி, ஆண்டு முழுவதும் பாடுபட்டு எடுத்த காயை ஸ்டோரில் உலர்த்தி, மூட்டை கட்டிக் கடனுக்குக் கொடுக்கும்போது, வாங்குகிறவரின் இன்றைய நிலைமை என்ன என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. "அவங்க அப்பா காலத்துல இருந்தே பழக்கம்" என்பதோடு விசாரணை முடிந்து விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் குரங்கணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இலைப்பேன் தாக்கிய காய்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மருந்து சொல்லி முடித்ததும், பையின் அடியிலிருந்து ஒரு கோர்ட்டு உறையை எடுத்தார்.

"ஐயா, இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. மஞ்ச நோட்டீசுங்கிறாக. முதல்ல ஒன்னு வந்துச்சு, கையெழுத்துப் போட்டு வாங்காதன்னு டீக்கடையில சொன்னாக, திருப்பி அனுப்பிட்டேன்."

அவரிடம் பல ஆண்டுகளாகக் காய் வாங்கிய வியாபாரி, தம்மால் கடனைத் திருப்ப முடியவில்லை என்று நீதிமன்றத்தில் திவால் மனு போட்டிருந்தார். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் நம் பெரியவரின் பெயர் இருபதுக்கும் பிந்திய எண்ணில் இருந்தது. நாள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. மனு தாக்கலாகி ஏழு வாரம் கழிந்த பிறகு, விவரம் தெரியாமல் இவர் மேலும் மூன்று மூட்டை, 150 கிலோ காயை அதே வியாபாரியிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஏழு வாரமும் மனுவின் விவரம் யாரும் பார்க்கக்கூடிய நீதிமன்றப் பதிவில் கிடந்தது. பெரியவரின் பேரன் கையில் செல்போன் இருந்தது. பார்க்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருவன். உரத்துக்கும் மருந்துக்கும் கூட்டம் போட்ட நாங்கள், விற்ற பணம் கைக்கு வருமா என்பதற்கு ஒரு கூட்டமும் போட்டதில்லை.

நம் ஊரில் 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்று பேசிக் கொள்வது 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் போடப்படும் மனுவைத்தான். 'இன்சால்வென்சி பெட்டிஷன்' என்பதன் சுருக்கமே ஐ.பி. கடன்பட்டவரே மனு போடலாம்; கடன் கொடுத்தவரும் போடலாம். அவர் 500 ரூபாய்க் கடன் கொடுத்திருந்தாலே போதும் என்று நூறு ஆண்டுக்கு முன் எழுதிய தொகை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. மனு நடப்பது மாவட்ட நீதிமன்றத்தில், அல்லது அரசு அதிகாரம் அளித்துள்ள சார்பு நீதிமன்றத்தில். கடன்பட்டவர் எங்கே குடியிருக்கிறாரோ, எங்கே தொழில் செய்கிறாரோ அந்த எல்லையில் உள்ள நீதிமன்றம் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். நம்மவர் பலருக்குத் தோட்டம் சாந்தன்பாறையிலும் உடும்பன்சோலையிலும் இருக்கும். வீடு போடியில் இருக்கும். உங்கள் தோட்டம் எங்கே என்பது இங்கே கணக்கில்லை. வியாபாரி போடிக்காரர் என்றால் தேனி மாவட்டப் பதிவில் தேட வேண்டும். வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ கடை வைத்திருப்பவர் என்றால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேட வேண்டும்.

தேடுவது கடினமல்ல. நாடு முழுவதும் உள்ள மாவட்ட நீதிமன்ற வழக்குகளை 'இ-கோர்ட்ஸ்' என்ற அரசு இணையதளத்திலும், அதே பெயரிலுள்ள செல்போன் செயலியிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து, 'வழக்கில் சம்பந்தப்பட்டவர் பெயர்' என்ற இடத்தில் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் பட்டியல் வரும். அதில் ஐ.பி. என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதுவார்கள் என்பதால் ஒரே எழுத்துக்கூட்டலோடு விட்டுவிடக் கூடாது. இனிஷியலை முன்னே போட்டும் பின்னே போட்டும் பார்க்க வேண்டும். கடையின் பெயரிலும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கடன்பட்டவரே மனு போட்டால் அவர்தான் மனுதாரர். பணம் வரவேண்டிய விவசாயி எதிர்மனுதாரர். ஆகவே வியாபாரியின் பெயரைத் தேடுவதோடு, உங்கள் பெயரையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பட்டியலில் முதல் பெயரும் 'மற்றும் பலர்' என்பதும்தான் தெரியும். வழக்கைத் திறந்தால் மற்றவர்கள் பெயரும் அடுத்த விசாரணைத் தேதியும் கிடைக்கும்.

படித்த பிள்ளைகள் தவறும் இடம் ஒன்று உண்டு. திவால் என்று தேடினால் செல்போன் முதலில் காட்டுவது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதன் கீழ் அமைந்த இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் இணையதளத்தையும்தான். அங்கே கம்பெனிகளின் பொது அறிவிப்புகள் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. நம் வியாபாரி பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. 'அப்பா, ஆள் சுத்தம்' என்று பிள்ளை சொல்லிவிடுவான். ஆனால் அந்தப் பதிவு கம்பெனிகளுக்கு உரியது. தனி மனிதர், கூட்டு வியாபாரம் ஆகியோருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மலைக் காய் வாங்குகிறவர்களில் பலர் சொந்தப் பெயரிலோ கூட்டாகவோ கடை நடத்துகிறவர்கள். அவர்களுக்கு 1920 சட்டமும் மாவட்ட நீதிமன்றமும்தான். பதிவு இல்லாத இடத்தில் தேடிவிட்டு நிம்மதி அடைவது, நோயில்லாத பக்கத்து இலையைப் பார்த்துவிட்டுக் கன்று வாங்குவதைப் போன்றது.

வாங்குகிறவர் 'பிரைவேட் லிமிடெட்' என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் அந்த வாரியத்தின் இணையதளம் உதவும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் கம்பெனி நடப்பில் உள்ளதா, திவால் நடவடிக்கையில் உள்ளதா என்று போட்டிருப்பார்கள். கம்பெனி மீது நாமே வழக்குப் போட வேண்டுமானால் பாக்கி ஒரு கோடி ரூபாயாவது இருக்க வேண்டும் என்று 2020 மார்ச் 24-இல் உயர்த்தி விட்டார்கள். முன்பு ஒரு லட்சமாக இருந்தது. ஐந்து ஏக்கர் ஏலக்காய்க்காரருக்கு ஒரு கோடி பாக்கி எப்படி நிற்கும்? ஆனாலும் வங்கியோ வேறு யாரோ போட்ட வழக்கில், எவ்வளவு சிறிய தொகையானாலும் நம் கோரிக்கையைப் பதிவு செய்து கொள்ள உரிமை உண்டு. அதற்கான கடைசித் தேதி பொது அறிவிப்பிலேயே இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரம்தான்.

கம்பெனி விழும்போது விவசாயி எங்கே நிற்கிறார் என்பதற்குத் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் அருகே திருமண்டங்குடியில் உள்ள திரு ஆரூரான் சர்க்கரை ஆலையைப் பார்த்தால் போதும். ஆலை சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, கால்ஸ் டிஸ்டில்லரீஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. கரும்புப் பாக்கி வரவில்லை என்றும், தங்கள் பெயரில் வங்கிகளில் வாங்கப்பட்ட கடன் தங்கள் தலையிலேயே நிற்கிறது என்றும் சொல்லி, 2022 நவம்பர் இறுதியில் விவசாயிகள் ஆலைக்கு முன் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கடன் வரிசையில் ஈடு பெற்ற வங்கி முன்னால் நிற்கும். கரும்பு கொடுத்தவர் பின்னால்தான் நிற்பார். ஏலக்காய் கொடுத்தவருக்கும் அதே இடம்தான்.

இதைப் படித்துவிட்டுத் திவால் பதிவில் பெயர் இல்லாதவரெல்லாம் நம்பகமானவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேமல் தொற்றிய செடி சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும் அல்லவா? நொடித்துப் போகிறவர்களில் பலர் நீதிமன்றப் படியே ஏறுவதில்லை. இரவோடு இரவாகக் கடையைப் பூட்டுகிறார்கள். ஆகவே அதற்கு முந்திய அறிகுறிகளையும் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வியாபாரியின் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, ரத்தா என்று காட்டும். கடைசியாக எந்த மாதத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்தார் என்பதும் வரும். மூன்று, நான்கு மாதமாகத் தாக்கல் இல்லை என்றால் கொஞ்சம் கையை இழுத்துப் பிடியுங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற வியாபாரியா என்பதையும் வாரியத்தின் பட்டியலில் சரிபாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தால், வீட்டையும் கடையையும் அண்மையில் மனைவி மக்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறாரா என்று தெரியும். மாற்றி எழுதிய இரண்டு ஆண்டுக்குள் மனு தாக்கலாகித் திவால் உத்தரவானால், அந்த மாற்றத்தை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்துடன் வாங்கியவரை மட்டும் தொட முடியாது.

திவாலான வியாபாரியெல்லாம் மோசக்காரர் என்று நான் எழுதவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை போன காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. உயர்ந்த விலையில் வாங்கி இருப்பு வைத்தவர் எப்படித் தாக்குப் பிடிப்பார்? நேர்மையாக நொடித்தவருக்கும் ஒரு வழி வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சட்டமே இருக்கிறது. மனு போட்டதும் ஒருவர் திவாலாகிவிடுவதில்லை. தள்ளுபடியான மனுக்களும் உண்டு. அதே பெயரில் இன்னொருவரும் ஊரில் இருப்பார். தகப்பனார் பெயரும் முகவரியும் ஒத்துப் பார்க்காமல் டீக்கடையில் பேசினால் ஒரு நல்ல கடை விழுந்துவிடும். அதில் முதலில் அடிபடுவதும் அங்கே பாக்கி வைத்திருக்கும் விவசாயிதான். அதே சமயம், திவால் உத்தரவாகி அதிலிருந்து விடுவிக்கப்படாத ஒருவர், அதைச் சொல்லாமல் 50 ரூபாய்க்குக் கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நோட்டீஸ் வந்துவிட்டால் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தால் வழக்கு நிற்காது. உங்கள் பக்கம் பேச ஆள் இல்லாமல் நடக்கும். உங்கள் பாக்கியைக் குறித்த உறுதிமொழிப் பத்திரத்தை நீதிமன்றத்தில் நேரிலும் கொடுக்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். காலம் தாழ்ந்துவிட்டாலும், திவாலானவர் விடுவிக்கப்படும் வரை பட்டியலில் பெயரைச் சேர்க்கக் கேட்கலாம். ஆனால் அதற்குள் பங்கிட்டு முடித்த பணம் திரும்பி வராது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும். பெரியவரிடம் கடைசி மூன்று மூட்டைக்கு இருந்தது, சிகரெட் அட்டையின் பின்புறம் பென்சிலில் எழுதிய எடை மட்டும். தேதி இல்லை, கையெழுத்து இல்லை. மின்னணு ஏலத்துக்குக் கொண்டுபோகும் காய்க்கு ரசீது உண்டு. ஸ்டோர் வாசலிலேயே கொடுக்கிற காய்க்குத்தான் இந்த அட்டைக் கணக்கு. தேதி, எடை, விலை, வியாபாரியின் உரிம எண், கையெழுத்து ஆகிய ஐந்தும் இல்லாத சீட்டை வாங்காதீர்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் சுளிப்பவரிடம் கடனுக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

ஒவ்வொரு விவசாயியும் செல்போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கொட்டகுடிக்கு மேலே சிக்னலே கிடைக்காது. ஆகவே ஏல மையத்தை நடத்தும் நறுமணப் பொருள் வாரியத்தாரிடமும், எங்கள் விரிவாக்கத் துறையினரிடமும் ஒன்று கேட்கிறேன். உரிமம் பெற்ற வியாபாரிகளில் எவர் மீதாவது திவால் உத்தரவு ஆகியிருந்தால், அந்த விவரத்தை வழக்கு எண்ணோடும் தகப்பனார் பெயரோடும், போடி ஏல மையத்தின் சுவரில் மாதம் ஒருமுறை தமிழில் ஒட்ட வேண்டும். உத்தரவைச் சட்டப்படி அரசிதழில் வெளியிடுகிறார்கள். அரசிதழை எந்த ஏலக்காய்க்காரர் படிக்கிறார்? அவர் படிப்பது அன்றைய ஏல விலைப் பலகையைத்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்ட இடம் இருக்கிறது.