சொக்கலேட்டுக்குப் பதிலாகக் கொக்கோ



பிள்ளையின் பிறந்தநாள் நெருங்குகிறது. கேக் செய்முறையோ 6 அவுன்ஸ் சொக்கலேட் வேண்டும் என்கிறது. 2024ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோவின் விலை 10,000 அமெரிக்க டொலரையும் தாண்டிச் சென்றது. அதன் பின்னர், சொக்கலேட் வாங்குமுன் கைப்பணத்தை இருமுறை எண்ணிப் பாராத இல்லத்தரசி அரிதே. அலுமாரியிலுள்ள கொக்கோத் தூள் போதாதா என்ற எண்ணம் எழுவது இயல்பு. போதும்; ஆனால் அளவறிந்து மாற்றுதல் வேண்டும். அன்றேல் முட்டையும் பட்டரும் சீனியும் சேர்ந்தே வீணாகும்.

கொக்கோ விதைகளைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கிடைப்பது இனிப்பற்ற சொக்கலேட். அதில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகும். அக்கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் என்பார் காப்புரிமை பெற்றார். எள்ளைச் செக்கிலிட்டால் பிண்ணாக்கு எஞ்சுவதுபோல, இங்கு எஞ்சுவதைப் பொடித்ததே கொக்கோத் தூள். ஆகவே தூளில் குறைவது கொழுப்பு. இனிப்புச் சொக்கலேட்டுடன் ஒப்பிட்டால் சீனியுங்கூட. குறைவதை நாமே சேர்த்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

அளவு வருமாறு:

இனிப்பற்ற சொக்கலேட் 1 அவுன்சுக்கு: கொக்கோத் தூள் 3 மேசைக்கரண்டி, பட்டர் அல்லது எண்ணெய் 1 மேசைக்கரண்டி.

இனிப்புள்ள கறுப்புச் சொக்கலேட் 6 அவுன்சுக்கு: கொக்கோத் தூள் 6 மேசைக்கரண்டி, சீனி 7 மேசைக்கரண்டி, பட்டர் அல்லது மாஜரின் 4 மேசைக்கரண்டி.

செய்முறையில் பாலோ நீரோ இருப்பின், அதில் ஒரு பகுதியைச் சூடாக்கி, தூளை முதலில் அதில் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ளுங்கள். மணமும் நிறமும் நன்கு வெளிப்படும். பால் கலந்து பருகுவதற்கென விற்கப்படும் இனிப்பு மாவகைகள் இதற்கு உதவா.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சாதாரணக் கொக்கோத் தூளில் சிறிது புளிப்புண்டு. அப்பச்சோடா அப்புளிப்புடன் சேர்ந்தே கேக்கைப் பொங்கச் செய்கிறது. காரம் சேர்த்துப் புளிப்பை நீக்கிய தூள் ‘டச்சு’ முறைத் தூள் எனப்படும்; நிறத்தில் கறுத்திருக்கும். செய்முறையில் தயிர் போன்ற வேறு புளிப்பு இல்லாதவிடத்து, இத்தூளுடன் அப்பச்சோடாவை மட்டும் இட்டால் கேக் அமுங்கிச் சவர்க்காரச் சுவை தட்டும். அவ்வேளை ¼ தேக்கரண்டி சோடாவுக்கு 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என மாற்றிக்கொள்க.

கேக்கின் மேல் இறுகி நிற்கும் சொக்கலேட் பூச்சுக்கு மாத்திரம் இம்மாற்று ஏற்றதன்று. கொக்கோக் கொழுப்பு உருக ஏறத்தாழ 34 பாகை வெப்பம் வேண்டும். பட்டரோ கொழும்பு வெயிலில் மேசையிலேயே இளகிவிடும். பூச்சுக்கு மட்டும் சிறிது சொக்கலேட் வாங்கி, கேக்கைத் தூளில் செய்தால் செலவு பெரிதும் குறையும்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும் பிள்ளை, கேக் கட்டியால் ஆனதா தூளால் ஆனதா என்று கேட்கப்போவதில்லை. இன்னொரு துண்டுதான் கேட்கும்.