பேட்டரியைத் திட்டாதீங்க

போன வாரம் மச்சானோட பையன் சென்னையில இருந்து வந்திருந்தான். களத்து ஓரமா நிக்கிற நம்ம அம்பாசடரை ஒரு சுத்து சுத்திப் பார்த்தான். "இன்னுமா மாமா இதை வச்சிருக்கீங்க? காயலான் கடையில போட்டுட்டு ஒரு நல்ல வண்டியா எடுங்க"ன்னான். சாப்பிட உக்காந்தவன்கிட்ட சண்டை போடக்கூடாதுன்னு அப்போ பேசாம விட்டுட்டேன். இப்போ எழுதறேன். டவுன்ல இருக்கிற நீங்க முக்காவாசிப் பேர் இதே வார்த்தையைத்தான் சொல்றீங்க. பழசுன்னா தூக்கிப் போடு. சர்க்காரும் உங்க பக்கம்தான். பதினஞ்சு வருசம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபா இருந்ததை 2022 ஏப்ரல்ல இருந்து 5000 ஆக்கினாங்க. கட்டினேன். கட்டிட்டுத்தான் ஓட்டறேன்.

வண்டி 1993 மாடல், டீசல். இஞ்சின் ஒரு தடவை பிரிச்சு வேலை பார்த்தது. பாடியில துரு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நாலு வருசமா என்னை அழ வச்சது இஞ்சினும் இல்லை, துருவும் இல்லை. கரண்ட்.

நாலு வருசத்துல மூணு பேட்டரி மாத்தினேன். ஒவ்வொண்ணும் ஆறாயிரம், ஏழாயிரம். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் பழசை ஒரு மெசின்ல வச்சுப் பார்ப்பார், "செல் போயிருச்சுங்க" அப்படிம்பார். ஏன் போச்சுன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. மூணாவது தடவை, "இதைவிடப் பெரிய பேட்டரி போட்டுக்கங்க, பிரச்சினையே வராது"ன்னார். போட்டேன். அடியில தட்டு பத்தாம வெல்டிங் வச்சுப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். முப்பது வருசமா கிணத்துல தண்ணி இறைச்சு வெள்ளாமை பண்றவன் நான். மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா மேல இருக்கிற தொட்டியைப் பெருசாக் கட்டினா சரியாயிடுமா?

பேட்டரி ஒரு தொட்டிங்க. அவ்வளவுதான். அது கரண்ட் உண்டாக்காது. உண்டாக்கறது ஆல்டர்நேட்டர். எங்க பக்கம் இன்னும் டைனமோன்னுதான் சொல்லுவோம். நம்ம வண்டியில இருந்தது தகட்டுல 35 ஆம்பியர்னு போட்டிருந்தது. அந்தக் காலத்துக்கு அது தப்பில்லை. ரெண்டு ஹெட்லைட்டு, நாலு சின்ன பல்பு, ஒரு வைப்பர். அதுக்கு மேல வண்டியில என்ன இருந்துச்சு?

அதுக்கப்புறம் நாம என்ன பண்ணோம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. நான் போட்டேன், மாட்டுத் தீவனச் சாக்குல சாக்பீஸ்ல எழுதி. ஹெட்லைட்டுக்கு 100/90 பல்பு மாட்டியிருந்தேன். டிம்ல வச்சாலே 13 ஆம்பியர். பனிக்காலத்துக்குன்னு முன்னால ரெண்டு லைட்டு, அது 8. வைப்பர் மழையில 5. பின் லைட்டு, மீட்டர் லைட்டு எல்லாம் 2. ஃபேன், டேப்பு 3. ஆக 31. தகட்டுல 35 போட்டிருக்கே, மிச்சம்தானேன்னு தோணும். அங்கதான் ஏமாறோம். அந்த 35 இஞ்சின் நல்லா வேகமா சுத்தும்போது கிடைக்கிறது. எங்க ஊர் ரோட்டுல, குழிக்குக் குழி கியரை மாத்திக்கிட்டு இருபது இருபத்தஞ்சுல போறப்ப பாதி கிடைச்சாப் பெரிசு. சும்மா நிக்கும்போது அதுவும் இல்லை. மிச்சம் பேட்டரியில இருந்து போகும். டீசல் வண்டிக்குக் காலையில ஹீட்டர் போட்டு, செல்ஃப் அடிச்சு எடுத்தது வேற தனிக் கடன். கடன் அடையாமலே தினமும் ஓடினா பேட்டரித் தகட்டுல உப்புப் பூத்துப் போகும். அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் தொட்டியில நிக்காது. செல் போச்சும்பாங்க. செல் போகலை, பட்டினி போட்டுக் கொன்னோம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கார்த்திகை மாசம். ராத்திரி பத்தரை இருக்கும், விடாத மழை. பக்கத்துத் தோட்டத்துப் பையனை வாய்க்கால்ல மடை திருப்பப் போனப்போ என்னமோ கடிச்சிருச்சு. பாம்பைப் பார்க்கலை, பல் பட்ட இடம் மட்டும் தெரிஞ்சுது. ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்கு, நேரமாகும்னாங்க. நம்ம வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு தாராபுரத்துக்குக் கிளம்பினோம். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர். பாதி வழியில வைப்பர் கை தூக்க முடியாத கிழவனாட்டம் ஆயிருச்சு. ஹெட்லைட்டு மஞ்சளாகி, சிவப்பாகி, அகல் விளக்காட்டம் நின்னுச்சு. இஞ்சின் மட்டும் ஓடுது. பழைய டீசல் வண்டி, பம்ப் எல்லாம் மெக்கானிக்கல், கரண்டே இல்லைன்னாலும் ஓடும். ஆனா கண்ணு தெரியணுமே. பையனோட அப்பாரு முன் சீட்டுல உக்காந்து, ஜன்னல் வழியா தலையை நீட்டி, வயலுக்கு எடுத்துட்டுப் போற டார்ச்சு லைட்டை ரோட்டுல அடிச்சுக்கிட்டே வந்தாரு. பத்து கிலோமீட்டர் அப்படித்தான் ஓட்டினேன். எதிர்ல வந்த லாரிக்காரன் பிரைட் போட்டு என்னைத் திட்டிட்டுப் போனான். பையன் பொழைச்சுக்கிட்டான். இப்ப மாடு மேய்க்கிறான். அந்த டார்ச்சு வெளிச்சம் எனக்கு இன்னும் கனவுல வருது.

அதுக்கப்புறந்தான் கரூர் ரோட்டுல இருக்கிற ஒரு வயசான எலக்ட்ரீசியன்கிட்டப் போனேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. மீட்டரை எடுத்தார். வண்டி ஆஃப்ல 12.2. ஓடும்போது 13.6. எல்லா லைட்டும் போடச் சொன்னார். 11.9. "உங்க சம்பளம் பத்தலைங்க, செலவு ஜாஸ்தி"ன்னார். ரெண்டே வார்த்தை. ஏழாயிரம் ரூபா பேட்டரி மூணு தடவை வித்தவர் ஒருத்தர்கூட இந்த வார்த்தையைச் சொல்லலை.

பழைய வண்டி ஒண்ணுல கழட்டின 75 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் அவர்கிட்ட இருந்தது. பேரிங், கார்பன் புதுசு போட்டுக் குடுத்தார். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற மாதிரி, அதனால வெளியில இருந்த பழைய கட்அவுட்டைக் கழட்டி எறிஞ்சாச்சு. லேத்துல பிராக்கெட் ஒண்ணு, புஷ் ஒண்ணு. புதுசுல பல வரிப் பள்ளம் இருக்கிற புல்லி, நம்மளது ஒத்தை வி பெல்ட்டு, அதனால பழைய புல்லியை மாத்திப் போடணும். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐநூறு. ஒரு பேட்டரி காசு.

இதைச் சொன்னா நம்ம ஊர் மெக்கானிக்குகளே கத்தறாங்க. "75 ஆம்பியரை உள்ள தள்ளினா பேட்டரி கொதிச்சுப் போகும், ஒயர் எரிஞ்சு போகும்." முதல் பாதி சுத்தப் பொய். ஆல்டர்நேட்டர் யாருக்கும் எதையும் தள்ளாது. ரெகுலேட்டர் அதை 14 வோல்ட் சுத்துல நிறுத்தி வைக்கும். லைட்டு எவ்வளவு கேக்குதோ அவ்வளவு போகும், பேட்டரி எவ்வளவு கேக்குதோ அவ்வளவு போகும். உங்க வீட்டு மீட்டர் பெட்டியில 5 கிலோவாட் லைன் இருக்குன்னு ஒத்தை பல்பு வெடிச்சிருமா? பேட்டரி கொதிச்சா கெட்டுப் போனது ரெகுலேட்டர். அது 35 ஆம்பியர்லயும் கொதிக்க வைக்கும்.

ரெண்டாவது பாதி, ஒயர் விஷயம், அதுல அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பெரிய மோட்டார் இறக்கிட்டு பழைய ஒன்றரை இஞ்ச் குழாயையே விட்டா என்ன ஆகும்? ஆல்டர்நேட்டர்ல இருந்து வர்ற பழைய ஒயரு சுண்டு விரல்ல பாதி கூட இல்லை. அதுவும் நம்ம வண்டியில முந்தின ஓனர் டேஷ்போர்டுல ஒரு ஆம்பியர் மீட்டர் மாட்டியிருந்தார். சார்ஜ் பூரா அந்த மீட்டர் வழியா வளைஞ்சு போகும். 30 வரைக்கும் கோடு போட்ட மீட்டர்ல 60 ஓடினா அது தீக்குச்சி. அதைக் கழட்டிட்டு வோல்ட் மீட்டர் போட்டோம். ஆல்டர்நேட்டர்ல இருந்து நேரா பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பேட்டரிப் பக்கம் 100 ஆம்பியர் பியூஸ். இஞ்சின்ல இருந்து சேஸிசுக்குப் புது எர்த்து. இந்த எர்த்தைத்தான் எல்லாரும் மறப்பாங்க. போன கரண்ட் திரும்பி வரணும்ல?

பெல்ட்டும் சும்மா இல்லை. முழு லோடுல இது இஞ்சின்கிட்ட ரெண்டு குதிரைத்திறனுக்கு மேல வாங்கும். பெல்ட்டு தொங்கினா கிறீச்சுன்னு கத்தும், வழுக்கும், சார்ஜ் ஏறாது. அதுக்காகக் கடப்பாரை வச்சு நெம்பி இறுக்காதீங்க, பேரிங் போயிரும். இன்னொண்ணு, டேஷ்போர்டுல இருக்கிற சிவப்பு சார்ஜ் பல்பு. அது வழியாத்தான் ஆல்டர்நேட்டருக்கு முதல் கரண்ட் போகும். அந்த ரெண்டு ரூபா பல்பு பியூஸ் போனா ஆல்டர்நேட்டர் தூங்கிட்டே இருக்கும். நானே அதுல ஒரு நாள் பூரா அலைஞ்சேன்.

100/90 பல்பையும் கழட்டிட்டேன். அது என் தப்பு. ரிலே வச்சு சாதாரண 60/55 போட்டேன், முன்னைவிட வெளிச்சம் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்குப் பெரிய ஆல்டர்நேட்டர்னு கேப்பீங்க. தகட்டுல போட்ட நம்பருக்காக இல்லைங்க. மெதுவாப் போறப்ப என்ன குடுக்குதுங்கிறதுக்காக. பழசு தடுமாறின அதே வேகத்துல இது எல்லா லைட்டும் எரிய விட்டு 13.7 காட்டுது. பேட்டரி வாங்கும்போது ஆவர் கேக்கறோம், வாரண்டி கேக்கறோம். ஆல்டர்நேட்டர் வாங்கும்போது ஐடிலிங்ல எவ்வளவு குடுக்கும்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா வேற கடைக்குப் போங்க. இப்ப வர்ற கம்ப்யூட்டர் வண்டியில மட்டும் இந்த வேலையை வச்சுக்காதீங்க. அதுல சார்ஜையே கம்ப்யூட்டர்தான் பார்த்துக்குது, அது வேற கதை.

மருமகப்பிள்ளை கதைக்கு வர்றேன். அவன் வந்தது 2009 மாடல் செகண்ட் ஹேண்ட் காரு. டிக்கியில ஆம்ப்ளிஃபயர், ரெண்டு பெரிய ஸ்பீக்கர். ராத்திரி கிளம்பறப்ப பாட்டைப் போட்டான். மேளம் ஒவ்வொரு அடி விழறப்பவும் ஹெட்லைட்டு மங்கி மங்கி எரியுது, மாட்டுத் தொழுவச் சுவத்துல பார்த்தேன். "மாப்ள, கொஞ்சம் இருங்க"ன்னு என் முந்நூறு ரூபா மீட்டரை எடுத்துட்டு வந்து பேட்டரியில வச்சேன். ஏசி, லைட்டு, பாட்டு, வண்டி ஐடிலிங். 12.1.

"பேட்டரி எப்ப மாத்தினீங்க?"

"போன தீபாவளிக்குத்தான் மாமா. அதுக்கு முந்தி ஒண்ணு போட்டேன், அதுவும் ஒரு வருசந்தான் வந்துச்சு."

அவன் பாட்டை நிறுத்தினான், மீட்டர் ஏறுச்சு. மறுபடி போட்டான், இறங்குச்சு. மூணு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தான். அப்புறம் அம்பாசடர் பானட்டைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்துல அந்தத் தடி ஒயர் எங்கிருந்து எங்க போகுதுன்னு ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தான். போகும்போது எலக்ட்ரீசியன் நம்பரை வாங்கிட்டுப் போனான்.