முதலாளி எங்கே என்கிறார்கள்

‘ஜகாட்’ (2015) என்ற மலேசியத் தமிழ்ப் படத்தில் முதலாளியே இல்லை. சிறுவன் அப்போயைக் கெடுப்பது அப்பாவின் அடியும் குண்டர் கும்பலும்தான். ஆகவே மோதல் கோட்பாட்டுக்கு இங்கே வேலையில்லை, இது வளர்ப்புக் கோளாறு. இதுதான் சிலரின் வாதம். என் பதில் மூன்று.

ஒன்று. மோதல் கோட்பாடு திரையில் அடிதடியைத் தேடுவதில்லை. நிலமும் கூலியும் வீடும் யார் கையில் என்றுதான் கேட்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். தோட்டங்களில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தபோது பால் வெட்டியவர்களை யார் கேட்டார்கள்? தோட்டத்தை விற்றவர் காசோடு போய்விட்டார். புறம்போக்கில் பலகை வீடு கட்டியவன் மட்டும் கேமராவில் அகப்படுகிறான். முதலாளி கண்ணில் படாததே அவர் ஜெயித்ததற்குச் சாட்சி.

இரண்டு. வளர்ப்பா? அப்போயின் அப்பா மணியம், சித்தப்பாக்கள் பாலா, துரை மூவரும் அண்ணன் தம்பிகள். ஒருவர் உழைத்தே தேய்கிறார், ஒருவர் போதையில் விழுந்தவர், ஒருவர் கும்பலில். ஒரே வளர்ப்பு எப்படி மூன்று பேரை மூன்று பக்கம் தள்ளியது? மணியம் ‘படி, படி’ என்று மகனை அடிப்பது, வேறு கதவு ஒன்றும் திறந்திருக்கவில்லை என்பதால்.

மூன்று. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்பதை எதிர்த்து 1960இல் மலாயா இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பிள்ளை வளர்ப்பு வகுப்பா நடத்தினார்?