இரவல் விலங்கு

கணவனின் அடக்குமுறையைத் தாங்காமல் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறினாள் என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில், "இதெல்லாம் மேனாட்டு நாகரிகம் கொண்டுவந்த கேடு, அந்தக் காலத்தில் நம் பெண்கள் இப்படியா இருந்தார்கள்?" என்று பெருமூச்செறியும் வழக்கம், படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பழகிய காரணத்தாலேயே சத்தியம்போல் தோற்றமளிக்கும் இந்த அபிப்பிராயம், சரித்திரத்தின் முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்காது.

தம்பதிகளுக்குள் பரஸ்பர துவேஷம் உண்டானால் விவாக பந்தத்திலிருந்து விடுதலை உண்டு என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. உத்தமமெனக் கருதப்பட்ட நான்கு வகை விவாகங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பௌத்த பிக்ஷுணிகளின் பாடல்களைத் திரட்டித் தந்த தேரீகாதையிலோ, உரலையும் உலக்கையையும் அவற்றோடு கணவனையும் விட்டு நீங்கிய ஆனந்தத்தை ஒருத்தி ஒளிவுமறைவின்றி வெளியிடுகிறாள். அவ்வளவு தூரம் போவானேன்? ஒத்துவராத புருஷனைப் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துவிட்டு வேறொருவனை மணந்துகொள்வது, நம் நாட்டு உழைப்பாளிச் சாதிகள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த ஏற்பாடு. 'அறுத்துக்கட்டுகிற சாதி' என்று மேல்சாதியார் அவர்களை எள்ளி நகையாடினார்களே ஒழிய, அப்படியொரு வழக்கம் இல்லையென்று எவரும் சாதித்ததில்லை. 'அந்தக் காலத்துப் பெண்கள்' என்று உருகுகிறவர்களின் கணக்கில் வயலில் நாற்று நட்டவள் சேர்வதேயில்லை போலும்!

மேனாட்டின்மீது பழிபோடுகிறவர்கள் ருக்மாபாயின் வழக்கைச் சற்றே ஊன்றிப் படிப்பது நல்லது. பம்பாயில், விதவைகள் மறுமணம் செய்துகொள்ளும் சம்பிரதாயமுள்ள தச்சர் குலத்தில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு, 11 வயதில் 19 வயது தாதாஜி பீகாஜியோடு விவாகம் நடந்தது. ஆனால் அவள் தாயையும், தாயின் இரண்டாவது கணவரான டாக்டர் சகாராம் அர்ஜுனையும் பிரியாமல் அங்கேயே கல்வி கற்று வளர்ந்தாள். வளர்ந்தபின் கணவனோடு சென்று வாழ இசையாத அவளைத் தன்னிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று அவன் 1884-ல் நியாயஸ்தலம் ஏறினான். இத்தகைய வழக்கு இங்கிலாந்தில் தோன்றியதேயன்றி இந்து தர்மசாஸ்திரத்தில் அதற்கு ஆதாரமில்லை என்று கூறி, நீதிபதி பின்ஹே 1885-ல் அதைத் தள்ளிவிட்டார். வைதிகப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. திலகரின் 'கேசரி'யும் ருக்மாபாயைச் சாடியது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்து, 1887 மார்ச்சில், ஒரு மாதத்துக்குள் கணவனிடம் போக வேண்டும், தவறினால் ஆறு மாதச் சிறைவாசம் என்று கட்டளை பிறந்தபோது, சிறைக்கே போவதாக அவள் சொல்லிவிட்டாள்.

இதிலுள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். சனாதன தர்மத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் கையில் ஏந்திய ஆயுதம், ஆங்கிலேயப் பாதிரிமாரின் தேவாலய நீதிமன்றங்களில் வார்த்தெடுத்தது. அந்த இங்கிலாந்தோ, தாதாஜி வழக்குத் தொடுத்த அதே 1884-ல், இத்தகைய கட்டளையை மீறும் மனைவியைச் சிறையிடுவதைச் சட்டமியற்றி ஒழித்துவிட்டது. அதற்காக இங்கிலாந்தை ஸ்திரீ சுதந்திரத்தின் தாயகமென்று எண்ணிவிட வேண்டியதில்லை. 1836-ல் கணவனைப் பிரிந்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டனுக்குத் தன் மூன்று பிள்ளைகள்மீதும் உரிமை இருக்கவில்லை, தன் பேனா சம்பாதித்த பணத்தின்மீதும் உரிமை இருக்கவில்லை. அவருடைய இடைவிடாத கிளர்ச்சி 1839-ம் வருஷத்துக் குழந்தைகள் பராமரிப்புச் சட்டம் பிறக்கப் பெரிதும் காரணமாயிற்று. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன், உள்ளே இருப்பவளின் பொறுமையை மெச்சுவதுபோலத்தான் அங்கும் இங்கும் பதிவிரதைகளுக்குப் புகழ்மாலை சூட்டினார்கள்.

1888-ல், 2000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினான். லண்டனில் வைத்தியம் பயின்று 1894-ல் தேர்ச்சி பெற்ற ருக்மாபாய், சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு காலம் பெண்களுக்குச் சிகிச்சையளித்து, 1955 செப்டம்பரில் காலமானார். அதே வருஷம் மே மாதத்தில் அமலுக்கு வந்த இந்து விவாகச் சட்டம், விவாகரத்துக்கு வழி திறந்த கையோடு, எந்த வழக்கை எதிர்த்து அவர் சிறைசெல்லத் துணிந்தாரோ அதையும் ஒன்பதாம் பிரிவாக்கி நிலைநிறுத்தியது. சிறைத் தண்டனை இப்போது இல்லை. கட்டளையை மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம். புருஷன், மனைவி இருவருக்கும் பொதுவான பிரிவுதானே என்பார்கள். மனமில்லாத இடத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டால் யார் உடலுக்கு ஆபத்து என்பது அவர்களுக்கும் தெரியாததல்ல. 1983-ல் ஆந்திர உயர்நீதிமன்றம் அந்த ஒன்பதாம் பிரிவைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. மறு வருஷமே உச்சநீதிமன்றம் செல்லுமென்று கூறிவிட்டது. இங்கிலாந்து இந்த வழக்கையே 1970-ல் தன் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. மேனாட்டுச் சரக்கை நாடு கடத்தியே தீருவது என்று ஆவேசப்படும் பெரியோர்கள், முதலில் அந்த ஒன்பதாம் பிரிவை மூட்டைகட்டி அனுப்பட்டும்.